பழைய ஆம்னி வேன் வாங்கினால் என்னென்ன மெக்கானிக்கல் பிரச்சினை வரும்? வைத்திருப்பவர்கள் எப்படிச் சரிசெய்துகொள்கிறார்கள்?

மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்கவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயில் குளம் போகவும் 2014 மாடல் ஆம்னி ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்கள். "அது தொட்டா செலவுங்க" என்று யாரோ ஒரு மெக்கானிக் உங்களைப் பயமுறுத்திவிட்டார். பல வருஷமாக ஆம்னியோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தொட்டால் அவ்வளவு செலவு இல்லை. தொடாமலே ஓட்டிய ஆம்னிதான் செலவு வைக்கும்.

எங்களுடையது 2008 மாடல், எட்டு சீட். அப்பா சமையல் காண்ட்ராக்ட் எடுத்த காலத்தில் அண்டா, குண்டா, கரண்டி, மாஸ்டர்கள் நாலு பேர் எல்லாம் அதில்தான் கல்யாண மண்டபம் போய்ச் சேரும். மீட்டர் 1,83,000-இல் கேபிள் அறுந்து நின்றது. மாற்றவில்லை. அதனால் இப்போது எத்தனை ஓடியிருக்கிறது என்று கேட்காதீர்கள்.

வண்டியின் அமைப்பு பிடிபட்டால் கோளாறும் பிடிபடும். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை உற்பத்தியில் இருந்தது. உள்ளே மாருதி 800-இல் இருக்கும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். சக்தி சுமார் 35 குதிரை. 800-இல் அது பானெட்டுக்குள் இருக்கும், முன் சக்கரம் இழுக்கும். ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னால் ஓடி, பின் சக்கரம் தள்ளுகிறது. காலி வண்டி சுமார் 800 கிலோ. ஆளுக்கு அறுபது கிலோ என்று எட்டுப் பேர் ஏறினாலே 480 கிலோ ஆகிவிடும். நம் ஊரில் எட்டுப் பேரோடு எந்த ஆம்னி நின்றது?

ஆக, இன்ஜின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, சுமையோ அளவுக்கு மேல். முக்கால்வாசித் தொல்லை இந்த இரண்டிலிருந்துதான்.

முதலில் ஹீட்டாவது. இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2013 மே மாதம், ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் எட்டுப் பேர், பின்னால் புளியோதரை அண்டா. பாதி வளைவு தாண்டவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த அத்தை "ஏங் கண்ணு, சீட்டு இப்புடிச் சுடுது?" என்றார். "ஆம்னின்னா அப்படித்தான் அத்தை" என்று சொல்லிவிட்டு செகண்டில் ஏற்றிக்கொண்டே இருந்தேன். டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கவே இல்லை. இன்னும் மூன்று வளைவு. சீட்டு ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது, இன்ஜின் இழுவை விட்டது, எல்லாரும் குதித்து இறங்கினார்கள். புளியோதரையை அங்கேயே ரோட்டோரத்தில் சாப்பிட்டோம்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழ் பிளாக்குக்கும் நடுவில், தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு அது. கட்டி இழுத்து வந்து சேலத்தில் விட்டதும் மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, சீட்டைத் தூக்கி எத்தன நாளாச்சு?" ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக, வெந்நீர் போடும் தவலையின் அடியில் படியுமே, அதே உப்பு. இரண்டு வருஷமாக வீட்டு போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிட்டது. சமவெளியில் காலியாக ஓட்டும்வரை தெரியவில்லை, மலை ஏறியதும் காட்டிக்கொடுத்தது. குற்றம் முழுக்க என்னுடையது.

இதற்கு என்ன செய்வார்கள் என்றால், ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து ஃபேசிங் அடிப்பார்கள், அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவார்கள். ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகச் சுட்டால் லேசாக வளைந்துவிடும். வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கெட் போட்டால் சீக்கிரமே திரும்ப அதே கதைதான். "ஃபேசிங் வேண்டாம், கேஸ்கெட் மட்டும் போட்டுக் கொடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து வரிசைப்படி இறுக்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ரேடியேட்டர் குழாய்களுக்குள் கம்பி விட்டு, அதாவது ராட் அடித்துச் சுத்தம் செய்யலாம். ரொம்பப் பழசென்றால் புதிதாகப் போடுவதே மேல். அதன் பிறகு போர் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி.

இன்னொரு பழக்கம் நம் ஊர் ஒர்க்ஷாப்களில் உண்டு. ஹீட் ஆகிறதா, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்திவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றித் தூர எறி. அப்போதைக்கு முள் இறங்கும், வாஸ்தவம்தான். ஆனால் இன்ஜின் சூடேற வேண்டிய அளவுக்குச் சூடேறாமலே ஓடும், பெட்ரோல் கூடக் குடிக்கும். அந்த வால்வு விலை ஒன்றும் பெரிதில்லை, புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் தானாக ஓடவில்லை என்றால் பெரும்பாலும் தெர்மோ சுவிட்சோ ரிலேயோதான். டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்து ஃபேனைக் கையால் போட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. நானும் ஆறு மாதம் அப்படி ஓட்டினேன். ஒருநாள் சுவிட்சைப் போட மறப்போம், அதுதான் அதில் வில்லங்கம். தண்ணீர் முழுக்க மாற்றினால் குழாய்க்குள் காற்று நின்றுவிடும். மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, குமிழ் வருவது அடங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் மூடிவிட்டு "புது ரேடியேட்டர் போட்டும் ஹீட் ஆகுது" என்று அலைகிறவர்கள் நிறைய.

சீட்டைத் தூக்கும்போதே பெட்ரோல் ஹோஸையும் ஒரு பார்வை பாருங்கள். மூடிய பெட்டிக்குள் இன்ஜின் சூட்டிலேயே வேகிற ரப்பர் அது. வளைத்துப் பார்த்தால் நெல்லிக்காய் வற்றல் மாதிரி வரிவரியாக வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். உட்காரும் இடத்துக்குக் கீழே பெட்ரோல் கசிவது விளையாட்டில்லை. மீட்டர் கணக்கில் விற்கும் சாதா ட்யூபை வாங்கி மாட்டாதீர்கள், பெட்ரோலுக்கென்று உள்ள ஹோஸும் நல்ல கிளிப்பும் வேண்டும். கேஸ் கிட் வைத்த வண்டி என்றால் கூடுதல் கவனம். எல்பிஜி டேங்க்கை 5 வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் செய்திருக்க வேண்டும், கிட் ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரில் ஓட்டிய வண்டி என்று தெரிந்தால் விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் வேண்டாம். சட்டப்படியும் குற்றம், வயரிங், பைப்பில் என்னென்ன ஒட்டுப்போட்டிருப்பார்களோ யாருக்குத் தெரியும்.

அடுத்தது வண்டிக்கு அடியில். கிளட்ச் விடும்போது பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம், ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போடும்போது மறுபடி ஒரு "டொக்" கேட்டால் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இணைப்பு, தேய்ந்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல "கீச் கீச்" என்று வந்தால் கிராஸ் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். அரை நாள் வேலை, கையைக் கடிக்காது. "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று விட்டு, ஹைவேயில் ஷாஃப்ட் கழன்று விழுந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து "ங்ங்ங்" என்று ஊளையும், காலை எடுத்தால் அது மாறுவதும் கிரவுன் பினியன், ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி. இதற்கு முக்கால்வாசிக் காரணம் ஆயில் இல்லாமல் ஓட்டுவது. கியர் பாக்ஸ், இன்ஜின் ஆயிலை எல்லாரும் பார்ப்பார்கள், அந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் பின் ஹவுசிங்கில் ஆயில் இருக்கிறது என்ற நினைப்பே பலருக்கு இருக்காது. ஃபில்லர் நட்டைக் கழற்றி விரலை விட்டால் ஆயில் விரலில் பட வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றாமல், ஹைபாய்டு என்கிற இந்த வகைக் கியருக்கான ஜிஎல் 5 ஆயில் கேட்டு வாங்குங்கள். ஹவுசிங்கின் மேலே சின்னதாக ஒரு பிரீத்தர், அதாவது காற்றுப் போக்கி, இருக்கும். சேற்றில் அது அடைத்துக்கொண்டால் உள்ளே பிரஷர் ஏறி, ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். எங்கள் வண்டிக்கு இரண்டுமுறை சீல் மாற்றிய பிறகு, மூன்றாம்முறைதான் ஒரு சின்னப் பையன் அந்த பிரீத்தரைக் குத்திச் சுத்தம் செய்தான். அதற்கப்புறம் கசிவே இல்லை.

பின் பட்டை (ஸ்பிரிங் பட்டை) உடைவது சுமையால். பட்டைக்கு மேல் பட்டை கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்படிச் சேர்த்தால், காலி வண்டியில் போகும்போது குலுக்கலில் முதுகெலும்பு பிடுங்கிக்கொள்ளும். உங்களைப் போல சரக்கும் குடும்பமும் மாறி மாறி ஏறும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பழைய பட்டை தளர்ந்திருந்தால் பட்டறையில் அடித்துத் தூக்கிக்கொண்டு, புஷ்ஷும் யூ போல்ட்டும் புதிதாகப் போட்டால் போதும். டயரிலும் ஒரு விஷயம். ஆம்னிக்கு 145 ஆர் 12, சுமை தாங்கும் வகை. விலை கம்மி என்று 800 காரின் 145/70 டயரை மாட்டிக்கொடுப்பார்கள். ரிம்மில் உட்காரும், ஆனால் உயரம் குறைவு, சுமையும் அவ்வளவு தாங்காது. பார்க்கப் போகிற வண்டியில் நாலு டயரையும் படித்துப் பாருங்கள்.

ஸ்லைடிங் டோர் பற்றிச் சொல்லாமல் ஆம்னி பதில் முடியாது. "படார்" என்று முழுத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி இழுத்தால்தான் மூடும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் ஒரு விரலால் மூடுவார். ரகசியம் மெழுகுவத்தி. கீழ் ரெயிலில் மணலும் கல்லும் சேரும். நாமோ மேலே மேலே கிரீஸ் அப்புவோம். கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரோலர் அதிலேயே அரைபடும். ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து ரெயிலைத் தேய்த்தால் கறுப்புக் களி மாதிரி ஒரு கைப்பிடி வரும். துடைத்துக் காயவிட்டு, மெழுகுவத்தியால் ரெயிலில் இரண்டு கோடு இழுத்தால் சரியாகிவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கதவைப் பாதி திறந்துவைத்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு ஏறி இறங்கினால் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். கதவை எடுத்து மாட்ட இரண்டு ஆள் தேவை, தனியாக முயற்சி செய்து விரலை நசுக்கிக்கொள்ளாதீர்கள். ரெயிலுக்கு அடியில் தகரம் துருப்பிடித்திருந்தால் அது டிங்கர் வேலை. வெட்டி எடுத்துப் பற்றவைக்க வேண்டும், மேலே பெயின்ட் அடித்து மறைப்பது ஏமாற்று.

மற்றதெல்லாம் சில்லறை. கியர் விழ மறுத்தால் முதலில் கியர் லீவரைப் பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் புஷ்ஷைப் பாருங்கள், பிறகுதான் கியர் பாக்ஸ். கிளட்ச் கேபிள் ஒன்று எப்போதும் வண்டியிலேயே கிடக்கட்டும், அறுந்தால் எந்த ஊரிலும் அரை மணி நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். பின் டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பெரும்பாலும் பிரேக்கின் வீல் சிலிண்டர் கசிகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று விற்கிறவருக்கே தெரியவில்லை என்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிக்குக் காலையில், அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய்ச் சேருங்கள். "நீங்க வர்றீங்கன்னு வண்டியச் சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரா கூலன்ட்டா பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா பாருங்கள், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழ் கொப்பளிக்கிறதா என்று ஐந்து நிமிஷம் நில்லுங்கள், கொப்பளித்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். இவையெல்லாம் சுத்தமாக இருந்து, கதவு தொங்குவது, கிராஸ் சத்தம், பட்டைத் தளர்வு மட்டும் என்றால் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி விலையைக் குறையுங்கள். 2014 மாடலுக்கு ஆர்சி 2029 வரை இருக்கும், அதுவரைக்கும் உங்கள் கடைச் சரக்கை அது தாராளமாக இழுக்கும். மூடியில் பால் காபி இருந்தால் மட்டும், அவர் வீட்டுக் காபிக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.