கேள்வி – பதில்: கீழ்வானச் சூரியனும் கரைநிழல் வள்ளமும்

கேள்வி: உப்புவெளியில் வள்ளங்கள் கரையேறும் இடத்தைப் பார்க்க, கடலை நோக்கிக் கமரா பூட்டியிருக்கிறோம். 1280×960 சென்சர், ஒவ்வொரு படத்துக்கும் நீண்டது, நடுத்தரம், குறுகியது என மூன்று எக்ஸ்போஷர் (ஒளி சேர்க்கும் நேரம்), அடுத்தடுத்தவற்றின் விகிதம் 16. சூரியன் மேலெழுந்ததும் அதைச் சுற்றிக் கருவளையம் விழுகிறது. லென்ஸ் பழுதா? பிக்சல் கிளாக் (சென்சரின் துடிப்பு வேகம்) 74.25 மெகாஹேர்ட்ஸ், ஒரு வரிசையை வாசிக்க 33.3 மைக்ரோசெக்கன், நீண்ட எக்ஸ்போஷர் 300 வரிசை. (உப்புவெளி வாசகர்)

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பிழை அந்த 300இல்.

மூன்று எக்ஸ்போஷரையும் நீண்டதிலிருந்து குறுகியது வரை டி1, டி2, டி3 என்போம். டி1 இல் ஒரு பிக்சல் 12 பிட்டின் உச்சமான 4095ஐத் தொட்டு நிரம்பிவிட்டால், சென்சர் டி2ஐ எடுத்து 16ஆல் பெருக்கும். அதுவும் நிரம்பினால் டி3ஐ 256ஆல் பெருக்கும். 12 பிட் இப்படித்தான் 20 பிட் ஆகிறது. வீச்சு, அதாவது மிக இருண்டதற்கும் மிகப் பிரகாசமானதற்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ 120 டெசிபல். ஆனால் எக்ஸ்போஷரின் அலகு ஒரு வரிசையின் நேரம்; அதை முழு வரிசைகளில்தான் வைக்க முடியும். 300ஐ 16ஆல் வகுத்தால் 18.75, இன்னொரு முறை வகுத்தால் 1.17. தசமம் வெட்டுப்பட்டு 18உம் 1உம் மிஞ்சும். உண்மை விகிதம் 300 ஆகிவிட, பெருக்குவதோ 256ஆல். டி3 வரும் இடமெல்லாம் 15 வீதம் இருண்டுபோகும். டி2 வரும் இடம் 4 வீதம். அந்தப் படிகள்தான் உங்கள் கண்ணுக்கு வளையமாகத் தெரிகின்றன.

ஆகவே டி1 எப்போதும் 256இன் மடங்காக இருக்கட்டும். வரிசை நீளத்தை 2900 கிளாக் ஆக்குங்கள். ஒரு வரிசை 39.06 மைக்ரோசெக்கன் ஆகும். ஃபிரேம் நீளம் 1024 வரிசை. டி1 256, டி2 16, டி3 1. ஃபிரேமுக்கு 40 மில்லிசெக்கன், செக்கனுக்கு 25 படம். டி1 சரியாக 10 மில்லிசெக்கனில் வந்து நிற்பது இன்னொரு இலாபம்: நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்குகின்றன, எனவே இரவில் கரை மணலில் பட்டைகள் ஓடா. விளக்கு முகப்பு மட்டும் டி2, டி3 வழியாக வருவதால் சிமிட்டலாம். அதை இந்த அமைப்பில் தடுக்க வழியில்லை.

தானியங்கி எக்ஸ்போஷரையும் கட்டிப்போட வேண்டும். டி1க்கு 256, 512, 768 மட்டும் அனுமதியுங்கள். இடைவெளியைக் கெயினால் (சிக்னலைப் பெருக்கும் அளவால்) நிரப்புங்கள், மூன்றுக்கும் ஒரே கெயின். வெயில் ஏறி 256கூட அதிகமானால் டி1ஐக் குறைக்கப் போகாதீர்கள், டி3 ஒரு வரிசைக்குக் கீழே இறங்க இடமில்லை. லென்ஸின் துவாரத்தைச் சுருக்குங்கள், அல்லது டி1 128, டி2 8 என இரண்டு எக்ஸ்போஷருக்கு மாறுங்கள். அப்போது 16 பிட், 96 டெசிபல். பகலுக்குப் பெரும்பாலும் அது போதும்.

கேள்வி: 20 பிட்டை 12ஆகச் சுருக்கி எடுத்தால் படம் சாம்பல் பூத்து வெளிறுகிறது, முகில்கள் இளஞ்சிவப்பாகின்றன. சுருக்கத்தை நிறுத்தினால் படமே குழம்புகிறது. (உவர்மலை வாசகர்)

பதில்: நிறுத்தாதீர்கள். சென்சரை இணைக்கும் உங்கள் போர்ட் 12 கம்பிகளுக்குத்தான் அமைந்திருக்கிறது, 20 பிட் அதில் ஏறாது. சென்சர் சுருக்கியதை இந்தப் பக்கம் நீங்கள் விரிக்கவில்லை, கோளாறு அவ்வளவுதான். உதாரணத்துக்கு இப்படி ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம்: 1024 வரை அப்படியே, 1024 முதல் 16384 வரை 16க்கு ஒன்று, அது 1984இல் முடியும், அதற்கு மேல் 10,48,576 வரை 512க்கு ஒன்று, அது 4000இல் முடியும். 4096க்குள் அடங்கிவிட்டது.

512 எண்களை ஒன்றாக்கினால் விவரம் போகாதா என்று கேட்கலாம். ஓர் எண் ஓர் இலத்திரன் என்று வைத்துப் பாருங்கள். 16384 என்பது டி2 இல் 1024 இலத்திரன். ஒளியின் இயல்பான இரைச்சல் அதன் வர்க்கமூலம் 32, பதினாறால் பெருக்கினால் 512. படி இரைச்சலைத் தாண்டவில்லை, ஆகவே போவது இரைச்சல்தான். வளைவின் சரிவு மாறும் முறிவுப் புள்ளிகளைத் தெரிவுசெய்ய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

விரிக்கும் ஒழுங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்சர் கறுப்புக்கு 64 கூட்டி அனுப்புகிறது என்போம். 2000 என்று வந்த எண்ணை முதலில் விரித்தால் 24576; பிறகு 64ஐக் கழிக்கலாம். முதலில் கழித்தால் 1936 ஆகி இரண்டாம் துண்டில் விழுந்து 15616 என்று விரியும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒளி காணாமல் போய்விட்டது! வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைப் பெருக்கும் வெள்ளைச் சமநிலையும் அப்படியே: வளைந்த எண்களைப் பெருக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் வெவ்வேறு துண்டில் விழும், முகில் சிவக்கும். விரி, கறுப்பைக் கழி, வெள்ளைச் சமநிலை, அதன் பிறகு திரைக்கு ஏற்ப ஒளியைச் சுருக்கு. ஒழுங்கு இதுதான்.

கேள்வி: ஓடும் வள்ளத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிகிறது. (நிலாவெளி வாசகர்)

பதில்: மூன்று எக்ஸ்போஷரும் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதில்லை. சென்சரில் அசைவுத் திருத்தம் இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் விகிதத்தை 16இலிருந்து 8ஆக்கினால் கொஞ்சம் குறையும், வீச்சும் சேர்ந்து குறையும். உங்கள் படத்தில் நிழல்களும் புகைபோல் மங்கியிருக்கின்றன. அதற்குச் சென்சரின் ரெஜிஸ்டரை (அமைப்பு எண்களை) தொடவேண்டாம். கமராக் கூட்டின் கண்ணாடியில் கடற்காற்றின் உப்பு படிந்திருக்கிறது. சூரிய ஒளி அதில் சிதறி நிழல் முழுவதையும் நிரப்பினால் 120 டெசிபல் சென்சரும் உதவாது. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துக் கழுவுங்கள், பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். காய்ந்த உப்போடு துடைத்தால் கண்ணாடி கீறிவிடும்.