கவுண்டி நூலகமா, சிட்டி நூலகமா? எதில் கார்டு வாங்குவது?

கேள்வி: சியாட்டில் பக்கம் குடிவருகிறோம். அங்கே சிட்டி நூலகம், கவுண்டி நூலகம் என்று இரண்டு இருக்கிறதாமே, எங்களுக்கு எது?

வீடு எந்த ஊரில் பார்த்திருக்கிறீர்கள்? சியாட்டில் நகர எல்லைக்குள் என்றால் சியாட்டில் பொது நூலகம். நம் ஐ.டி. மக்கள் அதிகம் போய்ச் சேரும் பெல்வியூ, ரெட்மண்ட், கிர்க்லாண்ட், சம்மாமிஷ் என்றால் கிங் கவுண்டி நூலகம் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). சுமார் 50 கிளைகள், எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு.

பெயரில்தான் கவுண்டி. நடத்துவது கவுண்டி அரசு இல்லை. 1942இல் மக்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய தனி நூலக மாவட்டம் இது. சட்டப்படி இன்றும் 'கிராமப்புற' நூலக மாவட்டம்தான். மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டும் அந்தக் கிராமப்புறத்தில் சேர்த்தி! செலவுக்குச் சொத்து வரியில் தனக்கென்று ஒரு பங்கை வசூலிக்கிறது. மதிப்பில் 1000 டாலருக்கு 50 சென்ட் என்பது சட்ட உச்சவரம்பு. அதாவது பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 500 டாலர். நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே வரும். வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரர் வழியாக நீங்களும் கட்டுகிறீர்கள். அதனால் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.

வரி கட்டுகிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதற்கு ரென்டன் ஊரைச் சொல்வேன். அங்கே 1966இல் சீடர் ஆற்றின் குறுக்கே, பாலம் மாதிரி, ஒரு நூலகம் கட்டினார்கள். பருவத்தில் போனால் கீழே சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போடுவதைப் பார்க்கலாம். நகராட்சி நடத்திவந்த அந்த நூலகத்தை 2010இல் கிங் கவுண்டி அமைப்போடு இணைக்க வாக்கெடுப்பு நடந்தது. வெறும் 53 ஓட்டு வித்தியாசத்தில் இணைப்பு ஜெயித்தது. அடுத்து, நூலகத்தை ஆற்றை விட்டு வேறு இடத்துக்கு மாற்றும் திட்டம் வந்ததும் ஊரே கிளம்பிவிட்டது. 2012இல் மறுபடி ஓட்டு. இந்தமுறை இழுபறியே இல்லை, ஆற்றின் மேலேயே இருக்கட்டும் என்று பெரும்பான்மையாகச் சொல்லிவிட்டார்கள். அதே இடத்தில் புதுப்பித்து 2015இல் திறந்தார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எந்தக் கிளைப் புத்தகமானாலும் இணையத்தில் 'ஹோல்டு' (முன்பதிவு) போட்டால் உங்கள் கிளைக்கே வந்துவிடும். திருப்பித் தருவதும் எங்கே வேண்டுமானாலும். இதற்கென்று பிரெஸ்டன் என்ற ஊரில் ராட்சத இயந்திரம் ஒன்று பார்கோடைப் படித்துப் படித்து, கிளைவாரியாகப் புத்தகங்களைப் பிரித்துத் தள்ளுகிறது. ஒரு மணி நேரத்தில் யார் அதிகம் பிரிக்கிறார்கள் என்று நியூயார்க் நூலகத்தோடு முன்பு போட்டியே நடத்தினார்கள். (நூலகர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.)

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் 'டாக் டைம்' என்ற ஆங்கில உரையாடல் வகுப்புக்கு அனுப்புங்கள். இலவசம். பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களுக்கு நாலு பேர் பழக்கமாவார்கள்.

சியாட்டில், கிங் கவுண்டி இரண்டு அமைப்புகளுக்கும் ஒப்பந்தம் இருப்பதால் ஒன்றின் எல்லைக்குள் வசிப்பவர் மற்றதிலும் கார்டு வாங்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு அது நல்ல வசதி; மின்னூலுக்கு உங்கள் ஊர் அமைப்பின் கார்டைத்தான் நம்ப வேண்டும். முகவரிச் சான்றோடு பக்கத்துக் கிளைக்குப் போனால் போதும், கார்டுக்குக் கட்டணம் கிடையாது.