வேதாகமக் கேள்வி பதில்: சவுலும் தாவீதும்

கேள்வி: அமலேக்கியரையும் அவர்களுக்கு உண்டான எல்லாவற்றையும் அழிக்கும்படி கர்த்தர் கட்டளையிட்டும், நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிட்ட இஸ்ரவேலின் ராஜா சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றான். தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்து, அவனையும் கொல்லுவித்த அடுத்த ராஜா தாவீதும் அதையே சொன்னான். பெரிய பாவத்துக்கு மன்னிப்பு, சிறியதற்கு ஆட்சிப் பறிப்பு. இது என்ன நியாயம்?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: 1 சாமுவேல் 13 முதல் 15 வரை ஒரே இருப்பில் வாசியுங்கள். பென்சில் ஒன்றை வைத்துக்கொண்டு, சவுல் யார்மேல் பழிபோடுகிறான் என்று கோடிடுங்கள். 13ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசி சாமுவேலுக்குக் காத்திராமல் தானே பலியிட்டதற்கு, ஜனங்கள் சிதறிப்போனார்கள், சாமுவேல் நேரத்துக்கு வரவில்லை என்கிறான். 15ஆம் அதிகாரத்தில் தனக்கே ஜெயஸ்தம்பம் நாட்டிவிட்டு (12), கட்டளையை நிறைவேற்றினேன் என்கிறான் (13). பிறகு ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் (15), நான் கீழ்ப்படிந்தேன் (20), மறுபடி ஜனங்கள் (21). 24ஆம் வசனத்தில்தான் ஒப்புக்கொள்கிறான். அப்போதும் ஜனங்களுக்குப் பயந்தேன் என்று காரணம் வருகிறது. கடைசியில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான் (30). தாவீது 2 சாமுவேல் 12:13இல் ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடுகிறான்.

பல வேதப்பாடங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அது ஆபத்து: ஒழுங்காக அறிக்கையிட்டதற்குக் கிடைத்த கூலிதான் மன்னிப்பு என்றாகிவிடும். 2 சாமுவேல் 7:14, 15ஐயும் பக்கத்தில் வையுங்கள். தாவீதின் சந்ததி தவறினால் தண்டிப்பேன். ஆனால் சவுலைவிட்டு விலக்கியதுபோல என் கிருபையை விலக்கமாட்டேன் என்கிறார் கர்த்தர். தாவீது பாவம் செய்வதற்கு முன்பே கொடுத்த வாக்கு இது. இரக்கம் அந்த வாக்கில் நிற்கிறது, தாவீதின் கண்ணீரில் அல்ல. தண்டனையும் தப்பவில்லை: தாவீதின் மகன்கள் அம்னோன், அப்சலோம், அதோனியா மூவரும் கொல்லப்பட்டார்கள்.

சவுல் இழந்தது சிங்காசனத்தை. அவன் ஆத்துமாவின் முடிவைப்பற்றி 15ஆம் அதிகாரம் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் சொல்லவேண்டாம். சாமுவேல் அவனுக்காகத் துக்கித்துக்கொண்டே இருந்தார். குழந்தைகளையும் கொல்லச் சொல்லும் 3ஆம் வசனமோ இந்த விளக்கத்தால் இலகுவாகிவிடாது. அதைத் தனிக் கேள்வியாக எடுங்கள். சவுலைக் குற்றப்படுத்தும் அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அடுத்த பகுதி 2 சாமுவேல் 12. பிள்ளையைப் பறிகொடுத்த தம்பதியர் வருகிறார்கள். எப்படி நடத்துவது?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முதலில் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். அன்றைக்கு வராமலிருக்க விரும்பினால் விட்டுவிடுங்கள். பெற்றோரின் பாவத்தால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று யாரும் பொதுவிதி சொல்ல இடங்கொடாதீர்கள். உரியாவின் மனைவியிடம் தாவீதுக்குப் பிறந்த பிள்ளை சாகும் என்றும், அந்தச் சாவின் காரணத்தையும் அறிவித்தது தீர்க்கதரிசி நாத்தான். அந்த அதிகாரம் நம் கூட்டத்தில் எவருக்கும் இல்லை. பிறவிக் குருடனைப்பற்றி அப்படிக் கேட்ட சீஷர்களை இயேசு மறுத்ததை (யோவான் 9:3) அங்கேயே வாசியுங்கள். "நான் அதினிடத்துக்குப் போவேனே" என்னும் 23ஆம் வசனத்தின் ஆறுதலுக்கு ஓடாமல், 16 முதல் 22 வரை நிதானமாகப் போங்கள்: தீர்ப்பைக் கேட்ட பிறகும் தாவீது உபவாசித்துத் தரையிலே கிடக்கிறான், கர்த்தர் இரங்குவாரோ என்று. அந்த ஜெபத்தைப் பிழை என்று நாத்தானும் சொல்லவில்லை, கர்த்தரும் சொல்லவில்லை. பிள்ளை ஏழாம் நாளில் செத்தது. ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு வசனத்தில் பதில் இல்லை. நீங்களும் பதில் ஒன்றை உண்டாக்காதீர்கள்.