"எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை?"

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெண் தன்னார்வலர் பிபி பார்த்துவிட்டு 156/98 என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு நாள் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் போட்டுவிட்டு அம்மா நிறுத்திவிட்டார். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, உப்பைக் குறைச்சா போதும்" என்கிறார். பக்கத்து வீட்டில் இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். எது சரி? நன்றாக இருப்பவரைத் தேடி வந்து அரசு ஏன் மாத்திரை கொடுக்கிறது?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்துவிட்டால் அம்மாவிடம் பேசுவது சுலபம்.

பிபி 'ஒண்ணும் பண்ணாது' என்பதுதான் அதன் ஆபத்தே. பெரும்பாலானவர்களுக்குத் தலை வலிக்காது, மயக்கம் வராது. வருடக்கணக்கில் எதுவும் தெரியாமலே சிறுநீரகமும் இதயமும் மூளையின் ரத்தக் குழாய்களும் உள்ளுக்குள் அடி வாங்கிக்கொண்டிருக்கும். நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தபோது இப்படிப்பட்டவர்கள் எங்களிடம் வரவே மாட்டார்கள். காய்ச்சல், பிரசவம், நாய்க்கடி என்றால்தான் வருவார்கள். ஒருநாள் விடியற்காலையில் ஒரு மகன் தன் அம்மாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார். வாய் கோணியிருந்தது, வலது கை தொங்கியது. பிபி 210ஐத் தாண்டியிருந்தது. "நேத்து ராத்திரிகூட மாவாட்டிட்டுத்தான் சார் படுத்தாங்க" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அம்மாவின் கையில் அதுவரை யாரும் ஒருமுறைகூடப் பட்டை கட்டி பிபி பார்த்ததில்லை.

தமிழ்நாட்டுக்குப் பொது சுகாதாரம் புதிதல்ல. 1939இலேயே மதராஸ் மாகாணத்தில் அதற்கென்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் அன்றைய கவலை காலரா, அம்மை, குடிநீர், சாக்கடை. பின்னால் தடுப்பூசியிலும் பிரசவத்திலும் கவனம் போனது. பிபியும் சுகரும் வீட்டுக்கு வீடு பரவிய பிறகும், நோயாளி வரட்டும் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம். 2020இல் மாநில அளவில் நடந்த ஆய்வில், பிபி உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. இப்படி உட்கார்ந்திருந்தால் ஆகாது என்றுதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியது. பரிசோதனை, மாத்திரை மட்டுமல்ல, இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலிநிவாரணப் பராமரிப்பு எல்லாமே வீட்டு வாசலுக்கு வருகின்றன. அடுத்து எடுத்த ஆய்வில் அந்த 7.3 என்பது 17 ஆனது. நல்ல முன்னேற்றம். ஆனாலும் 100 பேரில் 83 பேருக்குக் கட்டுக்குள் இல்லை. அவர்களில் பிபி இருப்பதே தெரியாதவர்களும் உண்டு, தெரிந்தும் உங்கள் அம்மாவைப் போல நிறுத்திவிட்டவர்களும் உண்டு.

சரி, உப்பைக் குறைத்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உப்பை நன்றாகக் குறைத்தால் மேல் அளவு (156/98இல் முதல் எண்) சுமார் 5 புள்ளி இறங்கும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கிட்டத்தட்ட இன்னொரு 5. அதிக எடை இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு புள்ளி. 156ஐ 140க்குக் கீழே கொண்டுவர வேண்டும், அதுவும் வருடம் முழுக்க அங்கேயே நிற்க வேண்டும். இவை மூன்றையும் தவறாமல் செய்தாலும் எல்லைக்கோட்டில்தான் நிற்போம். அதனால் மாத்திரையும் வேண்டும், உப்பும் குறைய வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல் அளவு 10 புள்ளி இறங்கினாலே பக்கவாத ஆபத்து ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நடையும் சாப்பாடும் நன்றாகக் கைகொடுத்தால் மாத்திரையின் அளவை டாக்டரே குறைப்பார். நாமாகக் குறைக்கக் கூடாது. விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது. கணுக்கால் வீங்கியதால் நிறுத்தினாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்யும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

உப்பை அளக்க ஒரு வழி சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல்கட்டில் யாரும் கிராம் கணக்குப் பார்ப்பதில்லை. அதனால் உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் கணக்கு. ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். ஒரு மாதத்தில் காலியானால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறீர்கள். கடை ஊறுகாய், மிக்சர், கருவாடு, அப்பளம் இதற்கு மேல். சோறு வடிக்கும்போது உப்புப் போடுவதை நிறுத்துங்கள். மோர் மிளகாயையும் ஊறுகாயையும் தினப்படியிலிருந்து எடுத்துவிட்டு, எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். அதற்கு மாறினால் பிபி இறங்காது, சாதா உப்பில் கிடைக்கும் அயோடினும் போய்விடும். சோடியம் குறைத்து பொட்டாசியம் சேர்த்த உப்பு என்று கடையில் ஒன்று விற்கிறது. அதில் பலன் உண்டு, ஆனால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம் விசாரியுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை பிபியை ஏற்றும். தொண்டைக்கு நல்லதென்று தினமும் அதிமதுரம் எடுக்கிறாரா? நாட்கணக்கில் எடுத்தால் அதுவும் ஏற்றும். சித்த மருத்துவரிடம் போவதில் தவறில்லை. ஆனால் டாக்டர் கொடுத்ததை அவரிடமும், அவர் கொடுத்ததை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. தன்னார்வலர் வந்து கீரை, சிறுதானியம் சேருங்கள் என்கிறார், ரேஷன் பையில் வருவதோ வெள்ளை அரிசியும் பாமாயிலும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் கார்டுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எல்லா மாவட்டத்துக்கும் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வாங்க முடியாத சாப்பாட்டைச் சாப்பிடச் சொல்லி என்ன பயன்?

இப்போதைக்கு, இந்த வாரமே அம்மாவை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். பிபி பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, வெற்றிலை பாக்கு வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். சுகரும், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அளவுகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, தன்னார்வலர் வரும்போது காட்டுங்கள். வாய் கோணல், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

நீங்கள் முப்பதைத் தாண்டியவரென்றால் அன்றைக்கே உங்கள் கையையும் நீட்டுங்கள். அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.