மறு: இருபது வருட ஆஸ்துமா, ஆனால் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதியிருக்கிறார்கள்

இருபது வருடம் ஆஸ்துமா இருந்த உங்கள் அப்பாவின் மரணக் காரணமாக ஆஸ்பத்திரியில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதியது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி எழுதியது சரியில்லை. எந்த நோயில் போனாலும் கடைசியில் இவை இரண்டும் நிற்கத்தான் செய்யும். அது இறந்த விதம், காரணம் ஆகாது. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு ராத்திரி கொண்டுபோனதாகச் சொல்கிறீர்கள். அப்பாவின் பழைய சீட்டு எதையும் பார்க்காமல் டியூட்டி டாக்டர் எழுதியிருக்கலாம்.

பஞ்சாயத்து தரும் இறப்புச் சான்றிதழில் தேடாதீர்கள். 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி அதில் காரணம் இருக்காது. வேண்டியது படிவம் 4, அதாவது ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தரும் மரணக் காரணச் சான்று. அந்தச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். முதல் பகுதியின் மேல் வரி உடனடிக் காரணம். நிரப்பிய கடைசி வரிதான் அடிப்படைக் காரணம். அங்கே ஆஸ்துமா இருக்கிறதா? இரண்டாம் பகுதியில் மட்டும் இருந்தால் பொதுவாக ஆஸ்துமா மரணமாகக் கணக்கில் ஏறாது.

அப்புறம் இன்ஹேலர் சீட்டு, நுரையீரல் திறனை ஊதிப் பார்த்த ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு திருத்தம் கேட்டு, எழுதிய டாக்டரையே பாருங்கள். இறந்தது அங்கே என்பதால் பதிவும் கேரளத்தில்தான். அதற்காக ஊரில், பொள்ளாச்சியில் அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும். அப்பா பீடி பிடித்தவர் என்கிறீர்கள். வயதானவர்களிடம் ஆஸ்துமாவையும், பெரும்பாலும் புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடியையும் பிரிப்பது டாக்டர்களுக்கே கஷ்டம். பிரிட்டனில் ஆஸ்துமா என்று பதிவான 276 மரணங்களை நிபுணர்கள் மறுபடி அலசியபோது 195தான் ஆஸ்துமா என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த அறிக்கை 2014இல் வந்தது. அதனால் ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட் கையில் இல்லாமல் ஆஸ்துமா என்றே திருத்தச் சொல்லி நிற்காதீர்கள்.