தலையணைப் புத்தகமும் சட்டைப்பைப் புத்தகமும்: பழைய டாக்டர்கள் எதைப் புரட்டினார்கள்?

என் புத்தக அலமாரியின் படத்தைப் போட்டாலும் போட்டேன், கேள்விகள் நிற்கவில்லை. 1890 தொடங்கி 1920 வரை டாக்டர்கள் மேஜையிலும் பையிலும் இருந்த ஆங்கிலப் புத்தகங்கள்தான் அதில் பாதிக்கு மேல். நான் முப்பத்தைந்து வருஷம் பொது மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். சரித்திரப் பேராசிரியர் இல்லை. புத்தகப் பித்து மட்டும் உண்டு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், எங்களுக்கு ஹாரிசன், டேவிட்சன் பாடநூல்கள் இருக்கிற மாதிரி அந்தக் கால டாக்டர்களுக்கு எது? (எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு மாணவி)

ஆஸ்லர், அம்மா. வில்லியம் ஆஸ்லர் கனடாக்காரர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேராசிரியராக இருந்தபோது தனி ஆளாக உட்கார்ந்து எழுதிய பொது மருத்துவப் பாடநூல் 1892-இல் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், சீனம் என்று பல மொழிகளுக்குப் போனது. 1909-இல் வந்த ஏழாம் பதிப்பு வரை அவரேதான் திருத்தினார். 1912-இலிருந்து தாமஸ் மெக்ரே கை கொடுத்தார்.

அந்தப் புத்தகத்துக்கு ஒரு கல்யாணக் கதையும் உண்டு. கிரேஸ் என்ற அம்மையாரை மணக்க ஆஸ்லர் கேட்டபோது, "முதலில் புத்தகத்தை முடியுங்கள்" என்றாராம் அவர். அச்சாகி வந்த பிரதியை ஆஸ்லர் கிரேஸின் மடியில் போட்டு, "இந்தா உன் புத்தகம், இனி இந்த ஆளை என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1892 மே மாதம் கல்யாணம்.

ஆயிரம் பக்கத்தில் என்னதான் வைத்தியம் எழுதியிருப்பார்? பென்சிலினே கிடையாதே! (கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்)

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்தப் புத்தகத்தின் பலம் வைத்தியப் பகுதியில் இல்லை. நோய் எப்படி ஆரம்பிக்கும், எந்த நாளில் எப்படித் திரும்பும், இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால் என்ன தெரியும், இவற்றையெல்லாம் கண்முன் நிறுத்துவார். பிறகு சிகிச்சை என்று தலைப்பு வரும்; கை விரித்துவிடுவார். நிமோனியாவுக்கு அவர் எழுதியதன் சாரம்: இது தன் போக்கில் ஓடித் தானே முடியும் நோய், மருந்து எதுவும் அதன் போக்கை மாற்றாது. நீரிழிவுக்கு? முதல் பதிப்பில் அபின் ஒன்றுதான் அனுபவத்தில் தேறிய மருந்து என்கிறார். முதல் நோயாளிக்கு இன்சுலின் போட்டது 1922 ஜனவரியில்தான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இடுப்புப் பிடிப்புக்கு அவர் சொல்லும் வைத்தியம். மூன்று நான்கு அங்குல நீள ஊசிகளை வலிக்கிற இடத்துத் தசையில் குத்தி, ஐந்து பத்து நிமிஷம் விட்டு எடுக்கச் சொல்கிறார். பெண்கள் தொப்பியில் செருகும் ஊசியே போதுமாம், கிருமி நீக்கியிருந்தால் சரி. சீன அக்குபங்சரை அமெரிக்கப் பாடநூலில், அதுவும் தொப்பி ஊசியோடு, முதலில் பார்த்தபோது இரண்டு முறை படித்தேன்.

இந்தக் கைவிரிப்புதான் பின்னால் பெரிய வேலை செய்தது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் தர்ம காரியங்களைக் கவனித்த ஃபிரடெரிக் கேட்ஸ் ஒரு பாதிரியார், டாக்டர் இல்லை. 1897 கோடை விடுமுறையில் பக்கத்தில் மருத்துவ அகராதியை வைத்துக்கொண்டு ஆஸ்லரை முழுக்கப் படித்தார். இத்தனை நோய்க்கும் உறுதியான மருந்து விரல்விட்டு எண்ணும் அளவுதானா என்று திகைத்துப்போனார். அந்தத் திகைப்பிலிருந்து 1901-இல் பிறந்தது ராக்ஃபெல்லர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். "தெரியாது" என்று எழுதிய ஒரு பாடநூல் இவ்வளவு பணத்தை இழுத்துவந்தது வேறெங்காவது நடந்திருக்குமா, சந்தேகம்தான்.

நோயாளி வீட்டுக்குப் போகும்போது இதைத் தூக்கிக்கொண்டா போனார்கள்?

அதற்குத்தான் சட்டைப்பைப் புத்தகம். 1899-இல் நியூயார்க்கில் மெர்க் கம்பெனி போட்ட கையேடு வெறும் 192 பக்கம். ஞாபகம் காலை வாரிவிடும் என்றுதான் முன்னுரையே தொடங்கும். முதல் பாகத்தில் மருந்துகள், அகர வரிசையில். இரண்டாம் பாகத்தில் நோய்கள், ஒவ்வொன்றின் கீழும் அதற்கு உதவும் மருந்துகள். மூன்றாம் பாகத்தில் மருந்துகளை அவை செய்யும் வேலைப்படி பிரித்திருப்பார்கள். குதிரை வண்டியில் போகிறபோதே புரட்டிவிடலாம்.

வேடிக்கை இரண்டாம் பாகத்தில். நோயின் கீழே மருந்துகளும் அகர வரிசைதான். எது முதலில் கொடுக்க வேண்டும், எது கடைசி என்று கிடையாது. ஆங்கிலத்தில் 'ஏ'யில் தொடங்குவதால் ஆசிடும் ஆர்செனிக்கும் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும். பல வருஷம் புரட்டியதில் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ஒரு நோய்க்கு மருந்துப் பட்டியல் எவ்வளவு நீளமோ, அந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை என்று அவ்வளவு நிச்சயம். மலேரியாவுக்குக் குயினைன், தைராய்டு குறைவுக்குத் தைராய்டுச் சாறு, தொண்டை அடைப்பானுக்கு எதிர்நஞ்சு என்று கைகண்ட மருந்து இருந்தது சிலதுக்குத்தான். இருமலுக்கும் மூட்டு வலிக்கும் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆஸ்லரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவர் "ஒன்றும் இல்லை" என்று ஒரே வரியில் முடித்த இடத்தில் இவர்கள் முழுப் பத்தி போட்டிருப்பார்கள். அதற்காகச் சின்னப் புத்தகத்தை ஏமாற்று என்று தள்ளிவிட மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை மூச்சு இழுக்கிறது, தாய் முகத்தைப் பார்க்கிறாள். அங்கே "தன் போக்கில் முடியும் நோய்" என்று சொல்லிவிட்டு வர எத்தனை டாக்டருக்குத் தைரியம் இருக்கும்? எனக்கு இருந்ததில்லை.

மருந்துக் கம்பெனியே மருந்துப் புத்தகம் போட்டால் அது விளம்பரம்தானே ஐயா? (மருந்துப் பிரதிநிதியாக இருந்தவர்)

உங்களுக்குத் தெரியாததா! ஆமாம், விளம்பரமும்தான். ஆனால் போட்டிக்குப் பொதுப் புத்தகமும் இருந்தது. அமெரிக்க மருந்துக் கோவை, அதாவது மருந்துகளுக்குத் தரம் வகுக்கும் பொதுத் தொகுப்பு, 1820-இலிருந்து உண்டு. 1906-இல் வந்த உணவு, மருந்துச் சட்டம் அதையே தரத்துக்குச் சட்ட அளவுகோலாக்கியது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1905-இல் ஒரு மருந்துக் குழுவை வைத்து, கோவைக்குள் வராத புது மருந்துகளை ஆராய்ந்து வருஷந்தோறும் பட்டியல் போட்டது. இங்கிலாந்தில் டாக்டர்கள் சங்கம் 1909-இலும் 1912-இலும் ரகசிய மருந்துகளைச் சோதனைச்சாலையில் பிரித்து, உள்ளே இருப்பது என்ன, அதன் அடக்கவிலை என்ன என்று புத்தகமாகவே அச்சடித்தது. இன்றைக்கும் சுவாரசியமாகப் படிக்கலாம்.

உபரித் தகவல்: விஸ்கியும் பிராந்தியும் அமெரிக்க மருந்துக் கோவையில் மருந்தாகவே இருந்தன. 1916 பதிப்பில்தான் கழற்றிவிட்டார்கள்.

கிரெய்ன், டிராம் கணக்கெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள்? (மருந்தாளுநர், திருச்சி)

ஒரு கிரெய்ன் ஏறக்குறைய 65 மில்லிகிராம். 60 கிரெய்ன் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். டிராமுக்குக் குறி, கையால் எழுதிய 3 மாதிரி இருக்கும். அவுன்ஸுக்கும் அதே 3, தலையில் ஒரு கோணல் கூடுதல். அந்த ஒரு இழுப்புக்கு எட்டு மடங்கு வித்தியாசம்! ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சைச் சத்து மருந்தாகக் கொடுத்த காலம் வேறு. அளவு ஒரு கிரெய்னில் அறுபதில் ஒரு பங்கிலிருந்து தொடங்கும். கம்பவுண்டர் கண் எவ்வளவு கூர்மையாக இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பிரிட்டிஷ் மருந்துக் கோவையில் மெட்ரிக் அளவு நிலைபெற்றது 1914 பதிப்பில்.

நம் மூலிகைகளை அவர்கள் கண்டுகொண்டார்களா? (சித்த மருத்துவர்)

கொஞ்சம். 1898-இல் வந்த பிரிட்டிஷ் கோவைக்கு இந்தியாவையும் மற்றக் காலனிகளையும் கருதி 1900-இல் ஒரு இணைப்பு போட்டார்கள். நிலவேம்பு, வேப்பம்பட்டை, ஆடாதோடை, சீந்தில் எல்லாம் லத்தீன் பெயரோடு அதில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் முன்னால், 1869-இலேயே, சென்னையில் மொகிதீன் ஷெரீப் என்ற மருத்துவர் இந்திய மருந்துக் கோவைக்கு ஒரு துணைநூல் தந்தார். மருந்துச் சரக்குகளுக்குத் தமிழ் உட்பட நம் மொழிப் பெயர்கள் அதில் உண்டு. மொழி தெரியாத வெள்ளைக்கார டாக்டர் கடைவீதியில் சரக்கு வாங்கித் தடுமாறியதை நேரில் பார்த்த ஆளால்தான் இப்படி ஒன்றை எழுத முடியும்.

அண்ணா, யாழ்ப்பாணத்தில தமிழிலயே வைத்தியப் புத்தகம் இருந்ததெண்டு அம்மப்பா சொல்லுவார். உண்மையே?

உண்மைதான் தம்பி, ஆனால் நாம் பேசும் காலத்துக்கு ஒரு தலைமுறை முந்தி. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் சொன்னார். 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' எல்லாம் அவர் காரியம். வேதியியலுக்குக் கெமிஸ்தம்! ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் நிற்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இலங்கை கொடுத்தது வேறொரு தலையணை. கொழும்பில் வேலை பார்த்த கஸ்டெல்லானியும் இலங்கை மருத்துவக் கல்லூரியின் சால்மர்ஸும் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கையேடு, 1910. 1919-இல் மூன்றாம் பதிப்பு இரண்டாயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டது.

பழைய பதிப்பை வைத்திருந்த டாக்டர் மோசம் போயிருப்பாரே?

போயிருப்பார். பேட்ரிக் மேன்சனின் வெப்பமண்டல நோய் நூல் 1898-இல் முதலில் வந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டு என்று ஊகித்தவரே அவர்தான். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் வரலாம் என்று நினைத்திருந்தார். அதே வருஷம் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் குருவிகளை வைத்து, கடியால்தான் பரவுகிறது என்று காட்டிவிட்டார். புத்தகம் கடைக்கு வந்த சூட்டிலேயே பழசாகிவிட்டது.

புதுக் கட்டுரைகளைத் தேட 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அட்டவணை இருந்தது. 1899-இல் நின்று, 1903-இல் கார்னெகி பணத்தில் மறுபடி தொடங்கியது. ஊர்ப்புற டாக்டர் அதை எங்கே பார்த்தார்!

மருத்துவ அகராதி?

டோர்லாண்ட், 1900. ஸ்டெட்மன், 1911. இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

தாத்தாவின் ஆஸ்லர் வீட்டில் இருக்கிறது. விலை போகுமா? (சேலம்)

பதிப்பைப் பாருங்கள். 1905, 1909 பதிப்புகள் நிறையக் கிடைக்கும். பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். 1892 முதல் பதிப்பு என்றால் கதை வேறு. அதிலும் முதல் அச்சா என்று பார்க்க ஒரு வழி: முன்பக்கத்தில் பிளேட்டோவின் மேற்கோள் இருக்கும். 'கார்ஜியஸ்' என்று வர வேண்டிய நூல் பெயர் அங்கே 'ஜார்ஜியஸ்' என்று தப்பாக அச்சாகியிருந்தால் யோகம். வாங்குவதானால் பக்கங்களை எண்ணி வாங்குங்கள். எனக்கு ஒரு பழைய புத்தக வியாபாரி "முழுப் பிரதி" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்ததில் டைபாய்டு அத்தியாயமே இல்லை.

இராமபாணப் பூச்சிதான் எதிரி. அந்துருண்டையைத் தாளில் படாமல் அலமாரி மூலையில் வையுங்கள், மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து வையுங்கள், வெயிலில் வேண்டாம். ஓரத்தில் தாத்தா பென்சிலால் எழுதியதை அழித்துச் சுத்தம் பண்ணிவிடாதீர்கள். என்னிடம் உள்ள ஒரு பிரதியில் நிமோனியா பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு டாக்டர் ஒன்பது நாள் காய்ச்சலை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். ஒன்பதாம் நாள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக்.