வரிக் குஞ்செல்லாம் சேவலாகவே போவது ஏன்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறோம். ஒரு கருப்புச் சேவல், உடம்பு முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் இரண்டு பெட்டைகள். மூன்று முறை அடை வைத்ததில் 21 குஞ்சுகள் தேறின. வரியோடு வளர்ந்த 11 குஞ்சுகளும் சேவல், கருப்பாக வளர்ந்த 10 குஞ்சுகளும் பெட்டை. ஒன்றுகூட மாறவில்லை. எனக்கு ஆசை வரிப் பெட்டை மேல்தான். சேவல்கள் விடியற்காலை நாலு மணிக்கே கூவுவதால் பக்கத்து வீட்டாரோடு சண்டை. அவற்றைத் திருவள்ளூரில் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். கூர்மையான முட்டையை அடை வைப்பதால்தான் சேவலாக வருகிறது என்கிறார் மாமியார். வரிப் பெட்டை கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் முட்டையை விசாரணையிலிருந்து விடுவித்துவிடுவோம். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மஞ்சள் கரு சூலகத்தை விட்டு இறங்கும் நேரத்திலேயே முடிவாகிவிடும். ஓடு அதற்கு அப்புறம்தான், ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்து, உருவாகிறது. கூர்மையும் உருண்டையும் முட்டை உருவாகும் குழாயின் கைவண்ணம். ஒரே பெட்டை வருஷம் முழுக்க அநேகமாக ஒரே வடிவத்தில்தான் முட்டை இடும். மாமியார் சொல்வது சரியென்றால் கூர்முட்டை இடும் கோழிக்குப் பெண் வாரிசே இருக்கக் கூடாது.

உங்கள் கணக்கில் விசேஷம் என்னவென்றால், 21-ல் ஒன்றுகூடத் தவறவில்லை என்பதுதான். தற்செயலாக இப்படி வராது. வரி போடும் மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மனிதரில் ஆணா பெண்ணா என்பது அப்பா கொடுக்கும் குரோமோசோமைப் பொறுத்தது. கோழியில் தலைகீழ், அம்மாதான் முடிவு செய்கிறாள். (பெண் பிள்ளை பெற்றாள் என்று மருமகளைத் திட்டும் வழக்கம் கோழிகளிடம் இருந்திருந்தால் அதில் கொஞ்சமாவது அர்த்தம் இருந்திருக்கும்.) சேவலுக்கு இசட் என்ற குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் இசட்டைக் கொடுத்தால் பிறப்பது மகன், டபிள்யூவைக் கொடுத்தால் மகள். ஆக, தாயின் இசட் மகள்களுக்குப் போகவே போகாது. மகளுக்குக் கிடைக்கும் ஒரே இசட் அப்பாவுடையது.

வரி மரபணு இருப்பது அந்த இசட்டில். உங்கள் வரிப் பெட்டை அதை மகன்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும், எல்லா மகன்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். வரி ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே இறகில் தெரிந்துவிடும். மகள்களோ கருப்பு அப்பாவின் இசட்டோடு கருப்பாகவே வளர்கிறார்கள். அவர்களுக்குள் வரி எங்காவது ஒளிந்திருக்குமோ என்று காத்திருக்க வேண்டாம். சில வெள்ளை நிறங்கள் இரண்டு தலைமுறை பதுங்கியிருந்து திடீரென்று தலைகாட்டும், வரி அப்படி இல்லை. பெட்டையின் இறகில் தெரியவில்லை என்றால் அவளிடம் இல்லை.

இப்போதைய சேவலை வைத்துக்கொண்டு எத்தனை வரிப் பெட்டைகளை வாங்கிச் சேர்த்தாலும், எத்தனை முறை அடை வைத்தாலும், வரிப் பெட்டை பொரிக்காது.

இது 1908-லேயே தெரிந்த விஷயம். அமெரிக்காவில் ஸ்பில்மன் என்பவர் வரிக்கோழிகளைப் பார்த்துத்தான் இந்தப் பண்பு பாலினத்தோடு சேர்ந்து நகர்கிறது என்று விளக்கினார். முதல் உலகப் போர் காலத்தில் இங்கிலாந்தில் தீவனத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்குத் தீவனம் வீணாகாமல், நிறத்தை வைத்தே ஆரம்பத்தில் பிரித்துவிட வழி சொன்னவர் பன்னெட். பள்ளிப் புத்தகத்தில் கட்டம் போட்டுப் படித்தோமே, அதே பன்னெட்தான். சேவல் வேண்டாம் என்பதுதான் அவருக்கும் பிரச்சினை, உங்களுக்கும் அதேதான். அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் மாடியில் இருக்கும் ஜோடி ஒரு வரப்பிரசாதம்.

அடுத்த முறை குஞ்சு பொரித்து உடம்பு காய்ந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து உச்சந்தலையைப் பாருங்கள். கருப்புப் பஞ்சு மாதிரி இருக்கும் தலையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல். பொட்டு இல்லாமல் தலை முழுக்கக் கருப்பாக இருந்தால் பெட்டை. கருப்புக் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் வெள்ளை இருப்பது சகஜம், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உச்சந்தலை மட்டும்தான் கணக்கு. சந்தேகமாக இருந்தால் காலைப் பாருங்கள். வரி மரபணு கால் கருமையையும் குறைக்கும், அதனால் சேவல் குஞ்சின் கால் வெளிறியும் பெட்டைக் குஞ்சின் கால் கருத்தும் இருக்கும். (கோழிக்கு மஞ்சள் கால் வந்த கதை தனி. அந்த மரபணு நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள்.)

பொட்டு வைத்த குஞ்சுகளை முதல் வாரத்திலேயே பிரித்து அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நாலு மாதம் தீவனம் போட்டு, அது கூவத் தொடங்கிய பிறகு பக்கத்து வீட்டாரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: சேவல் வெள்ளையாகவோ வரியாகவோ இருந்தால் இந்த வித்தை பலிக்காது.

சரி, வரிப் பெட்டைக்கு வருவோம். வரிச் சேவல் இல்லாமல் அது நடக்காது. அக்காவிடம் அனுப்பியதில் நல்ல உடற்கட்டுள்ள ஒரு வரிச் சேவலைத் திரும்ப வாங்குங்கள். அதனிடம் இருப்பது ஒரு வரி இசட், ஒரு கருப்பு இசட். அதை வரிப் பெட்டையோடு சேர்த்தால், சராசரியாக நாலு குஞ்சில் இரண்டு வரிச் சேவல், ஒரு வரிப் பெட்டை, ஒரு கருப்புப் பெட்டை. அதாவது பொட்டோடு பிறக்கும் மூன்றில் ஒன்று உங்களுக்கு வேண்டியது. பொட்டு இல்லாதது நிச்சயம் பெட்டை. இது சராசரிதான், பத்து முட்டை வைத்த ஒரே ஈட்டில் வரிப் பெட்டை ஒன்றுகூட வராமல் போகலாம்.

எந்தப் பெட்டையோடு சேர்ப்பது? சேவலின் தாயோடு வேண்டாம். எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையுடையது என்று குறித்து வைத்திருந்தால் இன்னொரு பெட்டையோடு சேருங்கள். குறித்து வைக்கவில்லையா? வெளியிலிருந்து ஒரு வரிப் பெட்டை வாங்குவதுதான் நல்லது. ரத்தச் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் பொரிக்கும் முட்டை குறையும், குஞ்சு நோஞ்சானாகும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் மூன்று வாரம் தனிக் கூண்டில் வைத்துப் பார்த்த பிறகே மற்ற கோழிகளோடு விடுங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் எல்லாக் கோழியும் போய்விடும். ஒரு தடவை அவசரப்பட்டு அன்றைக்கே கூட்டில் விட்டு, ஒரே வாரத்தில் ஒன்பது கோழிகளைப் புதைத்தவன் நான்.

வரிச் சேவலுக்கும் வரிப் பெட்டைக்கும் பிறக்கும் மகன்களில் பாதிக்கு இரண்டு இசட்டிலும் வரி இருக்கும். இறகு வளரும்போது நிறம் ஊற்றும் செல்கள் அவ்வப்போது நின்று போவதால்தான் வரி விழுகிறது. இரண்டு பிரதி இருந்தால் நிறம் இன்னும் குறைந்து வெள்ளைப் பட்டை அகலமாகும். உதிர்ந்த இறகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெயிலில் பாருங்கள். ஒரு சேவலின் இறகு கருப்புத் தூக்கலாகவும் இன்னொன்றுடையது சாம்பல் பூத்தும் தெரியும். அந்தச் சாம்பல் சேவல்தான் உங்களுக்கு வேண்டியவன். கண் மட்டும் போதாது. அவனை உங்கள் கருப்புப் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள். ஏழு குஞ்சுகள் பொரித்து ஏழுக்கும் தலையில் பொட்டு இருந்தால் ஏறக்குறைய உறுதி. ஒரு இசட்டில் மட்டும் வரி உள்ள சேவலுக்கு அப்படி அமைய 128-ல் ஒரு வாய்ப்புதான். அவனோடு எந்தக் கருப்புப் பெட்டையைச் சேர்த்தாலும் மகன், மகள் எல்லாமே வரிதான்.

ஆனால் அதன் பிறகு, பொரித்த முதல் நாளே பொட்டைப் பார்த்து ஆண், பெண் பிரிக்கும் வசதி போய்விடும். என்னைக் கேட்டால், சேவல் சத்தத்துக்குச் சண்டை வரும் மாடியில் கருப்புச் சேவலை வைத்துக்கொண்டு, வரிப் பெட்டைகளை வளர்ந்த விடைக்கோழியாகவே (இளம் பெட்டையாகவே) விலைக்கு வாங்கிவிடுவேன். வரிச் சேவல் வழியில் இரண்டு தலைமுறை, ஏறக்குறைய ஒரு வருஷம், அதுவரை கூவும் சேவல்களையும் சமாளிக்க வேண்டும். அக்கா வீட்டில் இடம் இருந்தால் இந்த வேலையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சேவலை மாற்றிய கையோடு அடை வைத்துவிடாதீர்கள். சேவலின் விந்து பெட்டையின் உடம்புக்குள் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும். பழைய கருப்புச் சேவலை எடுத்த நாளை நாட்காட்டியில் குறித்து, அன்றிலிருந்து மூன்று வாரத்து முட்டைகளை ஆம்லெட் போட்டுச் சாப்பிடுங்கள். நாலாவது வாரத்து முட்டைகளை மட்டும் தேதி எழுதி அடைக்குச் சேருங்கள்.